பேசுற கட்டை

மார்ச் 3, செவ்வாய்

குழாயில் இன்றும் தண்ணீர் வரவில்லை. நின்று நின்று கால் கடுத்ததுதான் மிச்சம். வீட்டுக்கு வந்தால் தம்பியும் அவன் பிள்ளையும் ஒரு சோப்புக் கட்டிக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு பேரும் கரிச் சுரங்கத்தில் இறங்குகிற ஆம்பிளைகள். அப்பனுக்குத் தலை நரைத்துவிட்டது, பிள்ளைக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம். "ரெண்டு பேரும் கரியோடவே கிடங்க. வாய் எங்க இருக்குன்னு தெரிஞ்சாப் போதும், சோறு போட்டுடுவேன்" என்றேன்.

பிள்ளையின் அம்மா போன பிறகு அவனை வளர்த்தது நான். அதனால் புலம்பல் எல்லாம் என்னிடம்தான். அவன் கீழே கரி வண்டி ஓட்டுகிறான். வண்டி திரும்புகிற மூலையில் குருவி ஒரு மரக்கட்டையை நட்டு வைத்திருக்கிறானாம். கூரைக்கு முட்டுக் கொடுப்பது குருவியின் வேலை. ஆள் ஒல்லி, எந்தச் சந்திலும் நுழைந்துவிடுவான், அதனால் அந்தப் பேர்.

கம்பெனி எல்லா இடத்திலும் இரும்பு முட்டு போட்டுவிட்டது. ஆனாலும் பழைய ஆட்கள் குடைகிற இடத்துக்கு ஒரு மரக்கட்டை நிறுத்தாமல் வேலை செய்யமாட்டார்கள். இரும்பு சத்தம் காட்டாமல் மடங்கிவிடுமாம். மரம் முதலில் முனகும், அப்புறம் படபடவென்று வெடிக்கும். "கட்டை பேசுது!" என்று ஒருத்தன் கத்தினால் போதும், போட்டது போட்டபடி எல்லாரும் ஓடிவிடுவார்கள். தம்பி அப்படி ஓடித்தான் ஒருதரம் பிழைத்தான்.

"ஒவ்வொரு நடைக்கும் அந்தச் சனியனுக்காக வண்டியப் பின்னால எடுக்க வேண்டியிருக்கு அத்தே. கழுத்து போச்சு."

"கழுத்து வலிச்சா எண்ணெய் தேய்ச்சுக்கடா" என்றான் தம்பி. "கட்டை மேல கை வைக்காத."

"மீசையே தூக்கச் சொல்லிக்கிட்டுத்தான் இருக்காரு."

மீசை என்பது மேஸ்திரி. தம்பிக்கும் அவருக்கும் ஆகாது. "அவன் சொல்லுவான். கூரை விழுந்தா அவன் மீசையா தாங்கப் போகுது?"

சிரித்துக்கொண்டே கிளம்பினார்கள். ஆண்டவன் காப்பாற்றணும்.

மார்ச் 4

எழுத ஒன்றுமில்லை. நானே இப்படி எழுதுகிறேன் என்றால் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

மார்ச் 5, வியாழன்

சங்கு ஊதிச்சு. ஷிப்டு முடியிற சங்கு இல்ல. விட்டு விட்டு ஊதுற சங்கு.

அடுப்ப அணைச்சேனா தெரியல. ஓடினேன். வழியெல்லாம் பொம்பளைங்க ஓடுறாங்க, ஒருத்தி முகத்த ஒருத்தி பாக்கல. எம்புள்ள இல்ல எம்புள்ள இல்லன்னே ஓடினேன் — அப்ப யார் புள்ளையா இருக்கணும்னு வேண்டினேன்? என்ன ஜென்மம் நான்.

முதல்ல குருவியக் கொண்டு வந்தாங்க. கரி ஓடுற ரப்பர் பட்டைத் துண்டுல வச்சுத் தூக்கிட்டு வந்தாங்க. மேல சாக்குப் போட்டிருந்துச்சு. காத்துல சாக்கு நகந்துச்சு. முகம் இருக்கிற இடத்துல முகம் இல்ல. அவங்கம்மா என் பக்கத்துலதான் நின்னா.

அப்புறம் இவன். இடது கால் முட்டிக்குக் கீழ அரைச்சு வச்ச மாதிரி, துணியும் சதையும் கரியும் ஒண்ணா. பாதம் மட்டும் பூட்ஸோட அந்தப் பக்கம் பாத்துக்கிட்டிருந்துச்சு. கண்ணத் திறந்தான். "அத்தே, பூட்ஸக் கழட்டச் சொல்லு, இறுக்குது"ன்னான்.

தம்பி வேறு பக்கம் வேலையில் இருந்தவன், கல்லைக் கையாலேயே இழுத்திருக்கிறான். நகம் ஒன்றும் மிச்சமில்லை. அவன்தான் சொன்னான், மரக்கட்டை முறியவே இல்லை என்று. குவியலின் ஓரத்தில் முழுசாகக் கிடந்ததாம். கூரை வருவதற்கு முன்பே அதை யாரோ எடுத்திருக்கிறார்கள். வண்டியில் ஏற்றும்போது பிள்ளையின் காதில் குனிந்து கேட்டான்: "மீசைதானே எடுக்கச் சொன்னான்?"

பிள்ளை தலையை ஆட்டினான்.

மார்ச் 7, சனி

காலை எடுத்துவிட்டார்கள். முட்டிக்கு மேலேயே. டாக்டர் என்னமோ விவரமாகச் சொன்னார், எனக்கு அந்த ரம்பம் மட்டும்தான் மனதில் நின்றது. கால் வலிக்கிறது என்கிறான், இல்லாத கால். தேய்த்துவிடச் சொல்கிறான். வெறும் மெத்தையைத் தேய்த்துவிட்டேன். "இன்னும் கீழ, அத்தே" என்றான்.

குருவியின் அண்ணன்மார் இரண்டு பேரும் வந்து கட்டில் பக்கத்தில் நின்றார்கள். பெரியவன், "நீ படுத்துக்கடா. மீசைய நாங்க பாத்துக்குறோம்" என்றான். பிள்ளை சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். வலி என்று நினைத்தேன்.

குழாயடியில் எல்லாரிடமும் சொன்னேன். மீசை ஒரு உசிரையும் ஒரு காலையும் தின்னுட்டான்னு. ஒருத்தி விடாமல் சொன்னேன்.

மார்ச் 8, ஞாயிறு

குருவியின் அண்ணன்மாருக்கு முன்னால் தம்பியே மீசையைத் தேடிப் போய்விட்டான். கடைத்தெருவில், சைக்கிள் கடை வாசலில், மீசை காற்று அடித்துக்கொண்டிருந்தாராம். மண்வெட்டிக் காம்பால் முதல் அடி முழங்கையில். கை மடங்கிய பிறகு முகத்தில். விழுந்த பிறகும் விடவில்லையாம். ஒரு கண் போய்விட்டது என்கிறார்கள். கடைத்தெருவே நின்று பார்த்திருக்கிறது. போலீஸ் வந்தபோது யாரும் எதையும் பார்க்கவில்லை.

தம்பி வீட்டுக்கு வந்து காம்பைத் தொட்டித் தண்ணீரில் கழுவினான். நான்தான் தண்ணீர் ஊற்றினேன். சாமி முன்னால் உட்கார்ந்து, நீ இருக்கேப்பா, கைவிடலை என்று சொன்னேன். சந்தோஷமாக இருந்தது. ஆமாம், இருந்தது.

மார்ச் 9, திங்கள்

மீசையைக் கொண்டுவந்து எதிர்க் கட்டிலில் போட்டிருக்கிறார்கள்! இந்த ஊரில் வேறு ஆஸ்பத்திரியே இல்லையா?

அவர் பொண்டாட்டி என்னைப் பார்த்ததும் கையிலிருந்த தூக்குச்சட்டியை வீசினாள். என் நெற்றியில் பட்டது. நான் சும்மா இருப்பேனா? அவள் முடி என் கையில், என் முடி அவள் கையில். "ஊமை மாடு மாதிரி கிடக்காரே, உன் தம்பி கை புழுத்துப் போகட்டும்"னு அவள். "உம்புருஷன் கொன்னானே, அவன் என்ன பசுவா"ன்னு நான். நர்ஸம்மா நடுவில் புகுந்து, "இது ஆஸ்பத்திரியா சந்தையா? ரெண்டு பேருக்கும் இங்கயே கட்டில் போடட்டுமா?" என்றாள்.

நெற்றியில் பஞ்சு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது மீசை பேசினார். வாய் வீங்கிப்போய் வார்த்தை குழறியது. என்னிடம் இல்லை, பிள்ளையிடம். "எடுங்கடான்னு தினம் சொன்னேன்தாண்டா. அன்னிக்குச் சொல்லல. அன்னிக்கு நான் கீழயே இறங்கல. உனக்குத் தெரியும்ல?"

பிள்ளை போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான்.

மார்ச் 11, புதன்

என்னத்த எழுத.

பிள்ளையின் புண்ணைக் கட்டிவிட்டுப் போனார்கள். மீசையை எக்ஸ்ரே படம் எடுக்க அழைத்துப் போயிருந்தார்கள், பக்கத்தில் யாருமில்லை. என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டான், சின்ன வயசில் பிடிக்கிற மாதிரி.

"அத்தே, மீசை சொல்லல. நான்தான். வண்டியால இடிச்சேன். கட்டையத் தெரிஞ்சேதான் இடிச்சேன், ரெண்டாவது இடியில சாஞ்சிருச்சு. சிரிச்சேன் அத்தே. குருவி ஓடி வந்தான், என்னைத் திட்டிக்கிட்டே. அதத் தூக்கித் திரும்ப நிறுத்தத்தான் குனிஞ்சான். சத்தமே வரல. ஒரு பொட்டுச் சத்தம் வரல. விளக்கு அணைஞ்ச மாதிரி இருந்துச்சு, அவ்வளவுதான்."

"அப்பன் கேட்டப்ப ஏண்டா தலைய ஆட்டின?"

"வலியில ஆட்டிட்டேன். அப்புறம் எப்படி மாத்துறது?"

"இப்ப மாத்து."

"குருவியோட அண்ணனுங்க என்னைக் கொன்னுடுவாங்க. என்னால ஓடக்கூட முடியாது."

கன்னத்தில் ஓங்கி அறைந்தேன். காலில்லாத பிள்ளையை. அப்புறம் கட்டிக்கொண்டு அழுதேன். எது முதலில் என்று இப்போது சரியாக நினைவில்லை.

மார்ச் 12

குருவியின் அண்ணன்களில் பெரியவன் வார்டுக்கு வந்தான். மீசைக்குக் கேட்கிற மாதிரி என்னிடம் சொன்னான். "அக்கா, கட்டுப் பிரிச்சு அனுப்புவாங்கல்ல, அன்னிக்கு வாசல்ல இருப்போம். உங்க தம்பி பாதியில விட்டுட்டாரு."

நான் வாயைத் திறக்கவில்லை. ஊர்க்கதை எல்லாம் பேசுகிற வாய். சொன்னால் என் பிள்ளை போவான், சொல்லாவிட்டால் அந்த மனுஷன். சாமி கும்பிடப் போனால் மேஸ்திரி பொண்டாட்டி ஏற்கெனவே அங்கே கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு பேர் மனுவையும் அவர் எப்படி வாங்குவார்? நான் கும்பிடாமல் திரும்பி வந்துவிட்டேன்.

மார்ச் 15

"நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்று கேட்டுவிட்டேன். சோறு இறங்கவில்லை, அவனுக்கும் எனக்கும்.

மார்ச் 17, செவ்வாய்

எழுத்து கோணலா வருது. எழுதித்தான் ஆகணும்.

இன்று மீசையை அனுப்பினார்கள். நான் முந்திக்கொண்டு வாசல் படிக்குப் போனேன், சொல்லிவிடுவது என்று. அண்ணன்மார் இரண்டு பேரும் கேட்டுக்குப் பக்கத்தில், கையில் காம்போடு. "ஒதுங்குங்கக்கா" என்றான் பெரியவன். வாயைத் திறந்தேன். ஒண்ணும் வரல. காத்துகூட வரல. மீசை பொண்டாட்டி தோளைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார், ஒரு கண்ணில் கட்டு. சின்னவன் அந்தக் கட்டுப்போட்ட பக்கமாகவே வந்தான். அவருக்குத் தெரியாத பக்கம். அடி விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது, தோள் எலும்பு. அவர் பொண்டாட்டி அவர் மேல் கவிழ்ந்து விழுந்தாள். அவள் முதுகிலும் ஒன்று விழுந்தது.

அப்போதுதான் பின்னால் இவன் குரல். "டேய்! நான்தாண்டா சாச்சேன்!"

வார்டிலிருந்து ஆஸ்பத்திரியில் கொடுத்த ஊன்றுகோலை வைத்துக்கொண்டு வந்திருக்கிறான், தத்தித் தத்தி, கதவைப் பிடித்து, சுவரைப் பிடித்து. "அவரு சொல்லல. நான்தான் வண்டியால இடிச்சேன். உங்க தம்பிய நான்தான் கொன்னேன். இங்க வாங்கடா!"

வந்தார்கள். வெட்டிய கால் மேலேயே பெரியவன் அடித்தான். தையல் பிரிந்து ரத்தம் படியெல்லாம் தெறித்தது. பிள்ளை கத்தின கத்தல் — வேண்டாம், எழுதமாட்டேன். நான் அவன் மேல் விழுந்தேன். என் விலாவில் ஒரு அடி, மூச்சு நின்றுபோனது. இன்னொரு அடிக்குக் காம்பு மேலே போனதைப் பார்த்தேன்.

என் அடியில் கிடந்துகொண்டே சொன்னான்: "அவன் திரும்ப நிறுத்தத்தான் போனான். என்னைத் திட்டிக்கிட்டே போனான்."

காம்பு அப்படியே நின்றது. பெரியவன் கேட்டான்.

"என்ன திட்டினான்?"

"'உங்கப்பன் வீட்டுக் கூரையாடா இது, எருமை'ன்னான். 'ஒரு கட்டையச் சுத்திப் போகத் தெரியாத நீயெல்லாம் பொண்டாட்டியோட எப்படிடா குடித்தனம் பண்ணுவ'ன்னான்."

சின்னவனுக்கு ஒரு சிரிப்பு வந்தது. குருவி அப்படித்தான் பேசுவான். சிரிப்பு பாதியில் உடைந்து, அவன் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தான். பெரியவன் காம்பைப் போட்டுவிட்டு, சின்னவனைத் தூக்கிக்கொண்டு போனான். திரும்பிப் பார்க்கவில்லை.

மார்ச் 18, புதன்

பிள்ளைக்கு மறுபடியும் தையல். எனக்கு விலாவில் விரிசல், இருமினால் உயிர் போகிறது.

தம்பி வந்தான். ஊரே சொல்லியிருக்கும். மகன் கட்டிலைத் தாண்டிப் போனான், ஏறிட்டுப் பார்க்கவில்லை. மீசை கட்டிலின் முன்னால் நின்றான். மறுபடியும் அதே கட்டில் அவருக்கு. மீசை அந்த ஒரு கண்ணால் அவனையே பார்த்தார். "போடா" என்றார். அவ்வளவுதான்.

திரும்பும்போது மகன் "அப்பா" என்றான். "யாருடா உனக்கு அப்பன்" என்று தரையில் துப்பினான். அப்படியே வீட்டுக்குப் போய், கழுவி வைத்த அந்தக் காம்பை எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தே போயிருக்கிறான். இதால்தான் அடித்தேன் என்று மேஜை மேல் வைத்தானாம்.

மார்ச் 31

பிள்ளையை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லை. குழாயடியில் நான் போய் நின்றால் பேச்சு நின்றுவிடுகிறது. அந்தப் பேச்சை ஆரம்பித்து வைத்தது யார்? நான்தானே. வாயைப் பொத்திக்கொண்டு குடத்தை நிரப்பிக்கொண்டு வந்தேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

தம்பியைப் பார்க்க ஜெயிலுக்குப் போனேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றான், மெலிந்துவிட்டான். குருவியின் அம்மாவைப் பார்த்தாயா என்றான். பார்த்தேன், உள்ளே விடவில்லை என்றேன். மீசைக்கு எப்படி என்றான். வேலைக்கு வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள் என்றேன். மகனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானாகச் சொல்லப் போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மணி அடித்துவிட்டார்கள்.

நான் எழுந்து நடக்க ஆரம்பித்த பிறகு கூப்பிட்டான்.

"அக்கா. அந்த ஊணுகோல் உயரம் பத்தாது. குனிஞ்சு நடந்தா முதுகு போயிரும். அடியில நாலு விரக்கடைக்குத் துண்டு மரம் வச்சு ஆணி அடி. பக்கத்துல இருந்து அடிக்காத, பொளந்துரும். நேரா அடி."

அன்றைக்கு வார்டில் அவனை ஏறிட்டே பார்க்கவில்லையே, இதை எப்போது பார்த்தான்?

வீட்டுக்கு வந்து தெருவில் சுத்தியல் கேட்டேன். யாரும் தரவில்லை. அம்மிக் குழவியை எடுத்தேன். பிள்ளை ஊன்றுகோலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டான். "யாரு சொன்னா இப்படி அடிக்கணும்னு?" என்று கேட்டான்.

"ஆட்டாம பிடி" என்றேன்.

விலா வலித்தது. முதல் ஆணி வளைந்துவிட்டது. அடுத்தது நேராக இறங்கியது.