கேப்டனிடம் சொன்ன பொய்

அன்பும் பொறுமையும் மிக்க என் துணைவிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்கிறேன். பதிலுக்குக் காத்திருக்க வழியில்லை. காற்றில் செல்போன் கோபுரம் சாய்ந்ததிலிருந்து தீவில் யாருக்கும் போன் கிடையாது. மீன் கம்பெனியின் ஐஸ் படகு மதியம் புறப்படுகிறது. அதில் ஆட்களை ஏற்றமாட்டார்களாம், கடிதத்தை ஏற்றுவார்களாம். சனிக்கிழமைக்குள் உன் கைக்கு வந்துவிடும் என்கிறார்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை உன் ஆபரேஷனுக்கு நான் வந்து சேரமாட்டேன். கோபப்படு, ஆனால் மீதியையும் படித்துவிட்டுக் கோபப்படு.

டாக்டருக்குக் காய்ச்சல் என்று என்னைத் தனியாக அனுப்பினார்கள் அல்லவா? இதுவரை கண் முகாம்களில் பேசுவது அவர், எழுத்துப் பலகையைப் பிடிப்பது நான். இங்கே பேசவும் நானே. பள்ளிக்கூடத்து அறை, தகரக் கூரை. உப்பு ஈரத்தில் லென்ஸ் துடைத்துத் துடைத்துக் கைக்குட்டை பிழியும்படி ஆகிவிட்டது. ஆனாலும் யாருக்குக் கண்ணாடி, யாருக்கு ஆபரேஷன் என்று பிரித்துவிட்டேன்.

கடைசியாக வந்தவர் படகோட்டி. ஆட்களை ஏற்றும் படகு தீவுக்கு அது ஒன்றுதான். ஊரே அவரைக் கேப்டன் என்கிறது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கடைசி வரி வரை மூச்சுவிடாமல் படித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். என் வியாதிதான் உனக்குத் தெரியுமே, கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனையிலிருந்து திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். அதே வியாதியில் பலகையைப் பின்பக்கம் திருப்பி வைத்து, இன்னொரு தரம் படிக்கச் சொன்னேன். அதே எழுத்துகளை அதே வேகத்தில் சொன்னார். அந்தப் பக்கத்தில் இருந்தவை வேறு எழுத்துகள். காலையிலிருந்து பெஞ்சில் உட்கார்ந்து, மற்றவர்கள் படித்ததைக் கேட்டே மனப்பாடம் செய்திருக்கிறார். இரண்டொருவர் சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

விளக்கை அடித்துப் பார்த்தேன். இரண்டு கண்ணிலும் புரை, முற்றிய புரை. நான் வந்த படகில் அவருடைய மச்சான் வழி நெடுக அவர் காதோரம் பேசிக்கொண்டே வந்தார். வாயாடிக் குடும்பம் போலும் என்று அப்போது நினைத்தேன். வழி சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார்.

கண்ணாடி போட்டால் போதும் என்று எழுதிவிட்டு, அதே படகில் ஏறி உன்னிடம் வந்திருக்கலாம். ஒரு டம்ளர் தேநீர் ஆறும் வரை அதைத்தான் யோசித்தேன். அதற்குள் ஒரு நிறைமாதக்காரி கதவருகே வந்து, அடுத்த படகு எப்போது என்று அவரிடமே கேட்டாள். அவர் வாய் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன், இனி அவர் படகை எடுக்கக் கூடாது என்று.  சொன்ன பிறகு மாற்றவில்லை.

மச்சானுக்குக் கோபம். "ஐயா, உங்க கண்ணாடியே சோடாபாட்டில் அடி மாதிரி இருக்கு. நீங்க எங்க கேப்டனைச் சொல்றீங்களா?" என்றார். நியாயமான கேள்வி. பலகையை அவர் கையில் கொடுத்து, என்னைச் சோதிக்கச் சொன்னேன். கண்ணாடியோடு படித்தேன். கழற்றிவிட்டு, பலகையே எங்கே என்று தெரியவில்லை, அதனால்தான் நான் பஸ் ஓட்டப் போகவில்லை என்றேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

எல்லாரும் போன பிறகு கேப்டன் மெதுவாகச் சொன்னார்: "கடல்ல எனக்குப் பயமே கிடையாது ஐயா. கண்ணுல கத்தி வைப்பாங்கன்னாதான் பயம்."

அவரிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன். திங்கட்கிழமை உனக்கும் கத்திதான், நான் கூட இருக்கப்போவதில்லை, ஆனாலும் நீ கொஞ்சமும் பயப்படவில்லை என்றேன். என் குரல் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பினார். "அந்தம்மாவே தனியா போறாங்கன்னா நானும் வரேன்" என்று படகுச் சாவியை என் கையில் வைத்தார்.

அது இப்போது என் சட்டைப்பையில் இருக்கிறது. மச்சானுக்கு லைசென்ஸ் இல்லை, கேட்டார், கொடுக்கவில்லை. வேறு ஆள் அனுப்பும்படி துறைமுக அலுவலகத்துக்கு இதே ஐஸ் படகில் எழுதியிருக்கிறேன். ஆள் வர அடுத்த வாரம் பாதியாகிவிடும். நிறைமாதக்காரிக்கு அதற்குள் வலி எடுத்தால் ஐஸ் படகில் ஏற்றிக்கொள்வதாக அதன் ஓட்டுநரிடம் வாக்கு வாங்கிவிட்டேன். வாக்கு வாங்கத் தெரிந்தவனா நான் என்று நீ நினைப்பாய். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆஸ்பத்திரி வாசல் வரை போய்விட்டு முன்பு நீ திரும்பி வந்ததை நான் மறக்கவில்லை. கதவுக்கு வெளியே நான் உட்கார்ந்திருப்பேன் என்றுதான் இந்தத் தரம் சம்மதித்தாய். மாப்பிள்ளையை என் இடத்தில் உட்காரச் சொல். தூங்கிவிடுவார், பரவாயில்லை, எழுப்பாதே. சர்க்கரை மாத்திரைகள் சமையலறை மேல்தட்டில், நீல டப்பாவில். போகும்போது கதவை ஒரு தரம் இழுத்துப் பார்த்தால் போதும்.

நான் சொன்ன பொய்யை நீதான் மெய்யாக்க வேண்டும். பயமில்லாமல் போ என்று கேட்கவில்லை. பயத்தோடேயே போ, திரும்பி மட்டும் வந்துவிடாதே. திங்கட்கிழமை காலை கேப்டனும் நானும் படகுத்துறையில், நம் வீடு இருக்கும் திசையைப் பார்த்து உட்கார்ந்திருப்போம். எந்தத் திசை என்று மச்சானிடம் கேட்டுவிட்டேன். நம்பிக்கை வராமல் இன்னொருவரிடமும் கேட்டேன். இருவரும் ஒரே பக்கத்தைத்தான் காட்டினார்கள்.

வலியில்லாமல் நீ நடந்து வந்து கதவைத் திறக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு,

உன் கணவன்