மதிய மாத்திரை

என் பிரியமானவருக்கு,

போனில் சொன்னால் குறுக்கே பேசுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன். ரிப்போர்ட் வந்துவிட்டது. ரத்தத்தில் ஏழுக்கு மேல் போயிருந்த பாஸ்பரஸ் நாலரைக்கு இறங்கியிருக்கிறது!

மதிய மாத்திரை போட்டாயா என்று ஊத்தங்கரையிலிருந்து நீங்கள் கேட்கும்போதெல்லாம் ‘ஆச்சு’ என்பேனே, அது பொய். கிட்னி வியாதி என்று தெரிந்தால் கம்பெனி வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து, மாத்திரையைக் கேண்டீனுக்குக் கொண்டுபோகவே மாட்டேன். பாஸ்பரஸ் ஏறி உடம்பெல்லாம் அரித்து, சொறிந்த இடம் புண்ணான பிறகுதான் துணிந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

என்னோடு லைனில் நிற்கும் மாதேஸ்வரி, “என்ன மாத்திரக்கா?” என்றாள்.

“கிட்னிக்கு. சோத்தோட சேர்த்துப் போட்டாதான் கேக்கும்.”

“இதயா இத்தினி நாளா மறச்சி வெச்சிருந்த? இனிமே நீ போட்டாதான் நாங்க சோத்துல கை வெப்போம்.”

என்னோடு சாப்பிடும் எட்டுப் பேரும் சொன்னபடியே செய்தார்கள். மூன்று மாதமாக ஒரு வேளைகூடத் தவறவில்லை. சூப்பர்வைசரிடமும் நானே சொல்லிவிட்டேன். “வேலைய நல்லா பாக்கறீங்க, அப்புறம் என்னம்மா?” என்று போய்விட்டார்.

இன்று ரிப்போர்ட்டைச் சாப்பாட்டு மேசையில் விரித்தேன். எட்டுப் பேரும் கைதட்டியதில் கேண்டீனே திரும்பி என்னைப் பார்த்தது. நான் தலை குனியவில்லை.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி