மூடியைத் தள்ளிய மாவு

என் வாலுப் பெண்ணுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் அவருடைய தையல் மிஷினும் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கிறோம், அங்கே நீயும் உன் சமையலும் சௌக்கியம்தானே?

உன் கடிதம் படித்துச் சிரித்ததில் எனக்கு விலா வலியே வந்துவிட்டதடி. கொத்தமல்லி என்று நீ அள்ளிக்கொண்டு வந்தது வாசனையே இல்லாத ஏதோ தழை, பயந்து பயந்து கிள்ளிப்போட்ட மிளகாய் வெல்லமாய் இனித்தது, சரி, இதெல்லாம் நம்பலாம். ஆனால் சப்பாத்திக்கு என்று பிசைந்து வைத்துவிட்டு வேலைக்குப் போன மாவு, நீ திரும்பி வருவதற்குள் மூடியைத் தள்ளிக்கொண்டு மேசையில் இறங்கி நடந்தது என்று எழுதியிருந்தாயே, அதை மட்டும் நான் நம்பவில்லை, காதில் பூச்சுற்றுகிறாள் என்றுதான் நினைத்தேன். பேக்கரிக்காரரிடம் கேட்டால், அது ஈஸ்ட் கலந்து விற்கிற மாவா இருக்கும்க்கா, பாக்கெட்டைத் திருப்பிப் படிச்சிருக்கணும் என்று சிரிக்கிறார். பார்த்துவிடுவோமே என்று அவரிடமே ஈஸ்ட் வாங்கினேன். ஒரு சிட்டிகை போதும் என்று சொல்லித்தான் கொடுத்தார், எனக்குத்தான் கை தாராளமாயிற்றே, முழுப் பொட்டலத்தையும் கொட்டிப் பிசைந்து அடுப்புப் பக்கத்தில் மூடி வைத்துவிட்டு மொட்டைமாடிக்குத் துணி உலர்த்தப் போனேன்.

வந்து பார்த்தால் அய்யய்யோ, மூடி ஒரு பக்கம், மாவு ஒரு பக்கம்! நான் போட்ட கூச்சலில் அப்பா கழுத்தில் டேப்போடும் கையில் பேங்க் மேனேஜர் பேண்ட்டோடும் ஓடி வந்தார். உனக்குத்தான் தெரியுமே, அவர் போகவேண்டாமென்று சொல்லியும் கேட்காமல் நீ விமானம் ஏறினதிலிருந்து உன் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார், உன் கடிதத்தை நான் சத்தமாகப் படித்தால் மிஷினை அதைவிடச் சத்தமாக மிதிப்பார். அந்த மனுஷன் மூடியை இரண்டு கையாலும் அமுக்குகிறார், மாவு நாலு பக்கமும் பிதுங்குகிறது, பேண்ட் மாவில் கிடக்கிறது, நான் தரையில் உட்கார்ந்து சிரிக்கிறேன். உங்கள் மகள் எழுதினது நிஜமா என்று பார்க்கத்தான் செய்தேன் என்று சிரிப்புக்கு நடுவே உளறிவிட்டேன். கையை எடுக்காமலே, இங்க ரெண்டு பேரு இருந்தே முடியல, வாலு அங்க தனியா எப்படிடி சமாளிச்சா என்று கேட்டார். வாலு என்றார்டி! கேட்டுவிட்டு மூக்கை உறிஞ்சினார், மாவு ஏறிவிட்டதாம். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

இனிமேல் எதையும் திருப்பிப் படித்து வாங்கு, வேளாவேளைக்குச் சாப்பிடு, ஒரு குறையும் இல்லாமல் நன்றாயிரு கண்ணு. முக்கியமானதை விட்டுவிட்டேனே, உன் போன் நம்பரைக் கேட்டு வாங்கி மிஷின் பலகையில் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போன் வந்து, எடுத்தால் பேச்சில்லாமல் வெறும் இருமல் மட்டும் கேட்டால் வைத்துவிடாதே. நீயே முதலில் அப்பா என்று கூப்பிடு.

மாவு ஒட்டின கையோடு,
உன் அம்மா