ஓரப் பாத்தி

செட்டியார்பட்டி,
14.3.2021

அன்புள்ள செல்லத்தாய்க்கு,

உக்கிரபாண்டி சொல்ல, பக்கத்து வீட்டு அனுசியா எழுதுவது. இங்கே நானும் மாடும் சுகம். மகள் வெங்கடேஸ்வரிக்குப் பேறுகாலம் பார்க்க நீ ஸ்ரீவில்லிபுத்தூர் போனதிலிருந்து மாடு சரியாகத் தின்னவில்லை.

கொரோனா ஊசி போடாமல் நான் வீட்டுக்குள் வரக்கூடாது என்று மருமகன் சொன்னாராமே. பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீடு, அவர் சொல்வது நியாயம்தான். ஆனால் நேற்று வந்த மருந்துக்கு எப்படிக் கையை நீட்ட? நம்ம கல்யாணத்துக்கு மறுவருசம் பக்கத்துக் காட்டு மாரிச்சாமி புதுப் பருத்தி விதையை நிலம் முழுக்கப் போட்டானே. இடுப்பளவு வளர்ந்தது, மஞ்சளாகப் பூத்தது, ஒரு காய் பிடிக்கவில்லை. நான் வரப்போரம் ஒரு பாத்தி மட்டும் போட்டுப் பார்த்ததால் தப்பித்தேன். இதையும் ஒரு வெள்ளாமைக் காலம் பார்த்துவிட்டுத்தான்.

உக்கிரபாண்டி (கைநாட்டு)

ஸ்ரீவில்லிபுத்தூர்,
22.3.2021

வெங்கடேஸ்வரி அப்பாவுக்குச் செல்லத்தாய் எழுதுவது.

முந்தாநாள் ஊசி போட்டுக்கொண்டேன். "இம்புட்டுச் சீக்கிரம் வந்த மருந்து, நம்பலாமா தாயி?" என்று நர்ஸிடம் கேட்டேன். "ஆயிரக்கணக்கான பேருக்குப் போட்டுப் பாத்துட்டுத்தான் குடுக்காவ. எம்புட்டுக் காலம் தாங்கும்னு மட்டும் இன்னும் தெரியாது பெரியம்மா" என்று உள்ளதைச் சொன்னது. எனக்கு அது போதும். உங்களுக்குப் போதாது என்றால் நான்தான் உங்கள் ஓரப் பாத்தி. பார்த்துவிட்டு வாங்க.

செல்லத்தாய்

செட்டியார்பட்டி,
5.4.2021

அன்புள்ள செல்லத்தாய்க்கு,

நல்ல யோசனைதான் செய்திருக்கிறாய். கை வீங்கியதா? காய்ச்சல் எத்தனை நாள் இருந்தது? பசி எப்படி? தலை சுற்றினால் அதையும் எழுது. வாரம் ஒரு கடிதம் போடு.

உக்கிரபாண்டி (கைநாட்டு)

ஸ்ரீவில்லிபுத்தூர்,
16.5.2021

வெங்கடேஸ்வரி அப்பாவுக்கு,

பேத்தி பிறந்ததைப் போன கடிதத்தில் எழுதினேன். "சந்தோசம், கை வலி போய்விட்டதா" என்று பதில் போட்டிருந்தீய. போய்விட்டது. இரண்டாவது ஊசியும் போட்டாச்சு. ஒரு நாள் காய்ச்சல், மறுநாள் எழுந்து பிள்ளையைக் குளிப்பாட்டினேன். பாத்தியில் பழுதில்லை.

"ஏட்டீ, பயமா இருக்கா?" என்று ஒரு வரி இருக்குமோ என்று ஒவ்வொரு கடிதத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பாத்தியிடம் யார் அப்படிக் கேட்பார்கள்? மகள் இங்கேயே இருக்கச் சொல்கிறாள். இருந்துவிடுகிறேன். இனி வாராவாரம் எழுத ஒன்றும் இல்லை.

செல்லத்தாய்

செட்டியார்பட்டி,
18.7.2021

செல்லத்தாயி,

போன மாதம் போட்ட கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. ஊசி போட்டுக்கொண்டேன் என்று மட்டும்தான் அதில் இருந்தது. ஒரு வெள்ளாமைக் காலம் ஆகுமுன்பே போய்ப் போட்டுக்கொண்டேன்.

அனுசியா எதிரே உட்கார்ந்து எழுதும்போது எனக்கு வாய் எழுவதில்லை. என் பெண்டாட்டிக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று சோறு இறங்கவில்லை என்பதை அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் எப்படிச் சொல்ல? அதனால் கையைக் கேட்டேன், காய்ச்சலைக் கேட்டேன். பயந்தது நான்தான். இன்றைக்கு வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அனுசியா தலை நிமிராமல் எழுதுகிறது.

பஸ் ஓடுகிறது. பேத்தியைப் பார்க்கப் போவதாக ஊரார் நினைத்துக்கொள்ளட்டும். நீ நீளமாக எழுத வேண்டாம். "வாங்க" என்று மட்டும் எழுது. அது எப்படி இருக்கும் என்று அனுசியாவை எழுதிக் காட்டச் சொல்லி மனதில் வைத்திருக்கிறேன். அந்த மூணு எழுத்தையும் நானே படித்துக்கொள்வேன்.

உக்கிரபாண்டி (கைநாட்டு)