பாத்ரூம் அலமாரியில் இருந்த பாட்டில்

அன்புள்ள சுருட்டைக்கு,

அம்மா எழுதுவது. எல்லோரும் சுகம் என்று எழுதிவிட்டுத்தான் மற்றதைத் தொடங்க வேண்டும், இந்த முறை அந்த வரி எழுத வரவில்லை. நானும் அப்பாவும் சுகம், நீயும் சுகமாக இருக்க வேண்டும், அதில் மாற்றமில்லை. ஆனால் கீழ் வீட்டுத் தையல்காரியின் மகள் சுகமில்லை, அதற்கு நீதான் காரணம். போனில் சொல்லலாம் என்றால் நான் குரலை உயர்த்தியதும் உனக்கு சிக்னல் போய்விடுகிறது. கடிதத்துக்கு சிக்னல் வேண்டாம், உட்கார்ந்து முழுவதும் படி.

அந்தப் பெண்ணை உனக்கு நினைவிருக்கும், நீ கிளம்பிய அன்று முன்பல் இல்லாமல் சிரித்துக்கொண்டு வாசலில் நின்றதே, அதற்கு இப்போது பதினான்கு வயது. உன்னைப் போலவே சுருள் முடி, உன்னைவிட அடர்த்தி. பள்ளிக்கூடத்தில் குருவிக்கூடு என்று கூப்பிடுகிறார்களாம். அது உன் வீடியோவைப் பார்த்திருக்கிறது. ஆளி விதையைத் தண்ணீரில் கொதிக்க வைத்து, முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி கொழகொழவென்று வந்ததும், ஆறுவதற்குள் பழைய நைலான் காலுறையில் வடிகட்டி எடுத்தால் கடை ஜெல்லே வேண்டாம், சுருள் சுருளாக முடி படியும் என்று சிரித்துச் சிரித்துச் சொன்னாயே, அந்த வீடியோதான். அதுவரைக்கும் சரி. அத்தோடு வாயை மூடியிருக்கக் கூடாதா? பாத்ரூம் அலமாரியில வெச்சா போதும், மாசக்கணக்குல கெடாது, எங்க வீட்டுல அப்படித்தான் இருந்துச்சு என்று கடைசியில் ஒரு போடு போட்டாயே, அதை அந்தப் பெண் வேதவாக்காக எடுத்துக்கொண்டது. ஒரே நாளில் பெரிய பாட்டில் நிறையச் செய்து பாத்ரூம் ஜன்னலில் வைத்திருக்கிறது. நாலைந்து நாளிலேயே புளித்த வாடை வந்திருக்கிறது, இயற்கைப் பொருள் என்றால் இப்படித்தான் வாடை அடிக்கும் போல என்று நினைத்துக்கொண்டு தினமும் தேய்த்திருக்கிறது. முதலில் அரிப்பு, பிறகு கொப்புளம், பிறகு சீழ். வீட்டில் திட்டுவார்கள் என்று பயந்து, அதற்குப் பிறகுதான் சொல்லியிருக்கிறது. காதுக்கு மேலே இரண்டு பக்கமும் பின்னந்தலையிலும் வழித்துவிட்டு மருந்து போடுகிறார்கள். முடி திரும்ப வருமா என்று தாய்க்காரி கேட்டதற்குப் பெரும்பாலும் வரும் என்றாராம் டாக்டர். அந்தப் பெரும்பாலும் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு அவள் பத்து நாளாகத் தூங்கவில்லை.

நான் கூப்பிட்டுச் சொன்னபோது நீ என்ன சொன்னாய்? அவ்ளோ பேர் பார்த்தாங்கம்மா, ஒருத்திக்குத்தான் இப்படி ஆயிருக்கு, கமெண்ட்ல ஒரு வரி போட்டுடறேன், விடு என்றாய். எதையடி விடுவது? நீ அங்கே என்ன தேய்க்கிறாய் என்று எனக்குத் தெரியாதா? போன தடவை முகம் பார்த்துப் பேசும்போது உன் முதுகுக்குப் பின்னால் கடை பாட்டில்கள் வரிசையாக நின்றதை நானும் பார்த்தேன். வீடியோவுக்காக ஒரே ஒரு நாள் ஆளி விதை கொதிக்க வைத்தவள் நீ, ஊருக்குத்தான் உபதேசமா? குழந்தைதானே, தெரியாமல் சொல்லிவிட்டாள் என்று உன் அப்பா வக்காலத்து வாங்குகிறார். முப்பத்தொரு வயதுக் குழந்தை. தையல்காரி சண்டைக்கு வந்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும், நானும் நாலு வார்த்தை பேசி மறுநாள் சமாதானமாகியிருப்பேன். அவள் நான் தைக்கக் கொடுத்த துணியை வெட்டாமல் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள், மேலே என் அளவைச் சீட்டில் எழுதி வைத்து. வேற யார்கிட்டயாவது குடுத்துத் தெச்சுக்கோங்கக்கா என்றாள். பதினாறு வருஷமாக என் அளவை எழுதி வைக்காமலே தைத்தவள். அந்தப் பெண் என்னவென்றால், அக்கா சரியாத்தான் சொன்னாங்க, நான்தான் ஒழுங்கா செய்யல என்று உனக்காகத் தன் அம்மாவிடம் பேசுகிறதாம்.

மற்றபடி உன் அண்ணனை வேறு கிளைக்கு மாற்றியிருக்கிறார்கள், இரண்டு பேருந்து மாறிப் போகிறான், அங்கே நாற்காலிகூட இன்னும் கொடுக்கவில்லையாம். அப்பாவுக்கு முழங்கால் வலி, கடைக்குப் போகச் சொன்னால் மட்டும் வரும். பாத்ரூம் குழாய் மறுபடி ஒழுகுகிறது, பிளம்பர் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி மூன்று வாரம் ஆகிறது. நேற்று அந்தக் குழாயில் துணி சுற்றிவிட்டு நிமிர்ந்தபோது அலமாரியைப் பார்த்தேன், உன் பாட்டில் இருந்த இடத்தில் வட்டமாகக் கறை இன்னும் இருக்கிறது. எங்க வீட்டுல அப்படித்தான் இருந்துச்சு என்று நீ சொன்னது அப்போதுதான் மண்டையில் உறைத்தது. நீ பொய் சொல்லவில்லை. உன் கண்ணுக்கு அப்படித்தான் இருந்தது.

நீ பள்ளிக்கூடம் போன நாளில் உன் முடிக்கு நான்தான் அந்த ஜெல்லைச் செய்வேன், முதலில் அதை ஃபிரிட்ஜில்தான் வைத்தேன். உன் அப்பா ஏதோ இனிப்புப் பண்டம் என்று நினைத்துச் சர்க்கரை போட்டுக் கிண்ணம் நிறையச் சாப்பிட்டுவிட்டு, கொஞ்சம் வழுவழுன்னு இருக்கு, பரவால்ல என்றாரே, அன்றைக்கு அவருக்கும் வயிறு கலங்கியது, நீயும் தலைக்கு ஒன்றுமில்லை என்று அழுது பள்ளிக்கூடம் போகவில்லை. அதற்குப் பிறகுதான் அது பாத்ரூம் அலமாரிக்குப் போனது. வெளியே வைத்தால் மூன்று நாலு நாளைக்கு மேல் தாங்காது. அதனால் புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் நீ எழுவதற்கு முன்னால் பழையதைக் கொட்டிவிட்டு, பாட்டிலைக் கொதிநீரில் போட்டு எடுத்து, புதிதாகச் செய்து அதே அளவுக்கு ஊற்றி வைப்பேன். பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்தில் குப்பி கழுவியே காலத்தை ஓட்டியவளுக்கு இன்னொரு பாட்டில் பெரிதா? ஒன்பது வருஷம் அந்தப் பாட்டில் கெடவும் இல்லை, குறையவும் இல்லை, அது எப்படி என்று நீ ஒரு நாளும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்கு வேலை வைக்கிறோம் என்று தெரிந்தால், வேணாம்மா, ஒட்ட வெட்டிடு என்பாய், அந்த வயதில் எதற்கெடுத்தாலும் அதைத்தான் சொல்வாய். அந்த முடியை வெட்ட எனக்கு மனசில்லை. ஆக, உன் மேல் இருந்த கோபத்தில் பாதி இப்போது என் மேலேயே திரும்பிவிட்டது. அதற்காக நீ பெருமூச்சு விடாதே, உன் பாதி அப்படியே இருக்கிறது.

இன்று காலையில் கீழே போய் இதையெல்லாம் தையல்காரியிடம் சொன்னேன். தைப்பதை நிறுத்தி, மெஷின் சக்கரத்தைக் கையால் பிடித்துக்கொண்டு கேட்டாள். உட்காருங்கள் என்று சொல்லவில்லை. இத எங்கிட்ட சொல்லி என்னக்கா ஆகப்போகுது, கேட்டவ உள்ள படுத்திருக்கா, சொன்னவ அங்க இருக்கா என்றாள். அவள் சொன்னதில் என்ன தப்பு? அதனால் கமெண்ட், வரி என்று பூசி மெழுகாதே. அந்த வீடியோவை எடுத்துவிடு. இன்னொன்று போடு, முகத்தைக் காட்டி, சிரிக்காமல். எங்க வீட்டுப் பாட்டில் கெடாம இருக்கல, எங்கம்மா வாரத்துக்கு ரெண்டு தடவ மாத்திட்டே இருந்தாங்க, எனக்குத் தெரியாது என்று சொல். என் பெருமைக்காகக் கேட்கவில்லை, இன்னும் எத்தனை வீட்டு ஜன்னலில் அந்தப் பாட்டில் இருக்கிறதோ என்ற பயத்தில் கேட்கிறேன். கொஞ்சம் எனக்காகவும்தான். பிறகு அந்தப் பெண்ணைக் கூப்பிடு, அவள் அம்மாவை அல்ல, அவளை. எடுத்ததும் மன்னிப்புக் கேட்டு அதன் வாயை அடைத்துவிடாதே, தலை எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு அது பேசி முடிக்கும்வரை சும்மா இரு.

நீ நன்றாக இருக்க வேண்டும். உன் பேச்சைக் கேட்க இன்னும் நிறையப் பேர் வரட்டும், அவர்கள் தலையும் நன்றாக இருக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு வெளியே போகாதே. வீடியோவில் கிழமையையும் சேர்த்துச் சொல், மறந்துவிடாதே. புதன், ஞாயிறு.

கோபம் இன்னும் தீராத,
உன் அம்மா