நோறாவின் ஊரும் எங்கள் வேலியும்

14 ஒக்டோபர் 1996, திங்கள்

நான் வேலை செய்யும் ஒடாஹுஹு முதியோர் இல்லத்தில் இன்று நோறாவுக்குத் தலை கழுவிவிட்டேன். எண்பத்தெட்டு வயது. அயர்லாந்தில் முப்பதே வீடுள்ள ஓர் ஊர்க்காரி. தலையில் தண்ணீர் பட்டதும் அழத் தொடங்கிவிட்டாள். அவளுடைய தங்கச்சி ஞானஸ்நானத்துக்கு முன்பே செத்துப் போனதாம். சவக்காலைக்குள் புதைக்க விடமாட்டேன் என்றாராம் பாதிரியார். தகப்பன் பலகைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோய் ஆடு மேயும் நிலத்தில் புதைத்தாராம். அங்கே அப்படி நாற்பது பிள்ளைகள். ஊர் முழுக்கத் தெரியும், ஒருவரும் வாய் திறக்கவில்லை. தாய்க்கு இடத்தைக்கூடக் காட்டவில்லை.

ஊரில், மன்னாரில், எங்களுக்கும் இதே சட்டம்தான்.

15 ஒக்டோபர்

சோறு அடிப்பிடித்துவிட்டது. பிடிக்கட்டும்.

19 ஒக்டோபர்

எழுதித் தொலைக்கிறேன். 1985. பிள்ளை வீட்டில் பிறந்து ஒரு மணித்தியாலம் மூச்சு விட்டான். ஆபத்தென்றால் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம், ஒரு கை தண்ணீர் போதும். கோயிலில் வேதம் படிப்பிக்கிற உபதேசியாரின் மகன் தோமசுக்கு, என் புருசனுக்கு, இது தெரியாதா? முற்றத்தில் கிணறு இருக்க, சைக்கிளை எடுத்துக்கொண்டு பங்குச் சுவாமியைக் கூட்டிவர ஓடினார். சுவாமி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சவக்காலை வேலிக்கு வெளியே, பனையடியில், இவரே தனியாகக் கொண்டுபோய்ப் புதைத்தார். பதினொரு வருடம். ஒரு பெயர்கூட இல்லை என் பிள்ளைக்கு.

27 ஒக்டோபர், ஞாயிறு

கோயிலில் நவம்பர் உறை தந்தார்கள். செத்தவர்களின் பெயர்களை எழுதிக் கொடுத்தால் மாதம் முழுக்கப் பூசையில் நினைப்பார்கள். வருடா வருடம் இவர்தான் எழுதுவார், எட்டுப் பெயர்.

"எங்கட பிள்ளையையும் எழுதுங்கோ."

"ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்கு என்ன பேர் எழுதுறது?"

"பேர் இல்லாமப் பண்ணினது ஆர்?"

எழும்பிப் போய் மழைக்குள் கார் கழுவுகிறார். கல்லுளிமங்கன்.

30 ஒக்டோபர்

நோறாவிடம் என் பிள்ளையின் கதையைச் சொன்னேன். தகப்பன் மீது அவளுக்கு இன்னும் கோபமாம். சரிதான். எனக்கும் எண்பது வருடம் இருக்கட்டும்.

2 நவம்பர், ஆத்துமாக்கள் திருநாள்

உறை வாய் ஒட்டியபடி மேசையில் கிடந்தது. பிள்ளையை நானே எழுதுவோம் என்று பிரித்தேன். உள்ளே தாளில் இவருடைய எழுத்தில் எட்டுப் பெயர். அதற்குக் கீழே: அன்றூ தோமஸ், 1985.

ஆர் இது என்று கேட்டேன்.

"பனையடியில வச்சுத் தண்ணி ஊத்தினனான். பேரும் வச்சனான். செத்த பிள்ளைக்கு ஊத்தினது பாவமெண்டு ஒருத்தரிட்டையும் சொல்லேல்ல."

"எனக்குமா?"

பதினொரு வருடமாக அந்தப் பெயரை இவர் மட்டும் வைத்திருந்திருக்கிறார். கோபம் ஆறவில்லை. ஆறாது.

தாளில் இன்னும் ஒரு வரிக்கு இடம் இருந்தது. "நோறாவின் தங்கச்சி" என்று எழுதி, உறையைத் திரும்ப ஒட்டினேன்.