உன்னோடு எட்டுப் பேர்

திருவொற்றியூர்
14.9.2003

அன்பு மகள் கீர்த்திக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் ஆண்டவன் புண்ணியத்தில் நடமாட்டமாக இருக்கிறோம், சிங்கப்பூரில் நீயும் மாப்பிள்ளையும் அதேபோல் இருக்க வேண்டும். அம்மாவுக்கு முட்டி வலி தேவலை, ரேஷன் கடைக்கு அவளே போய் வருகிறாள்.

நம் கரையில் கடல் கொண்டுபோன வீடுகளையெல்லாம் சிநேகிதர்களோடு சேர்ந்து கம்ப்யூட்டரில் ஏற்றப்போகிறேன் என்று எழுதியிருந்தாயே, படித்து எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நீ அனுப்பிய இருபத்தெட்டுக் கேள்வியையும் ஜெராக்ஸ் எடுத்து, அட்டையில் கிளிப் போட்டு, ஆபீசர் மாதிரி கிளம்பினேன். நாலாவது வீடு சீனியம்மாள் அண்ணி. ரெண்டு வருஷம் முன்னே அலை சுவரை அரிக்கும்போது, கதவையாவது கழற்றிக்கொள்ளலாம் என்று உள்ளே போன பொன்னுரங்கம் அண்ணன் சுவர் சாய்ந்து செத்தது எனக்குத் தெரியாதா? தூக்கினவர்களில் நானும் ஒருத்தன். இருந்தும் தாளில் இருக்கிறதே என்று பதினோராவது கேள்வியைக் கேட்டேன், இழந்தது என்ன என்று. கருவாடு திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த அண்ணி கையை நிறுத்தி, "உன்னோட எட்டு பேரு ஆச்சு திருமலை. ஒவ்வொரு தபா சொல்றப்பவும் அந்த ஆளு மறுபடி உள்ள போறாரு, நான் வாசல்ல நின்னுகினு கீறேன்" என்றார்கள். தாளை மடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

எனக்கு முன்னே வந்து கேட்ட அந்த ஏழு பேர் யார், எழுதினது எங்கே போச்சு என்று அதற்கப்புறம்தான் தேடினேன். இதை முதலில் செய்திருக்க வேண்டும், நீயும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. நாலு நாள் அலைந்தேன். பாதிப் பேர் போன இடமே தெரியவில்லை, ஒரு ஆபீசில் தாள் கரையான் தின்று கிடந்தது. ஆனால் டோல்கேட் பக்கம் இருக்கும் ரிட்டையர் ஆன ஃப்ளோரன்ஸ் டீச்சர் ஒரு நீள நோட்டை எடுத்து வைத்தார்கள் பார், முதல் வீடு விழுந்த நாளிலிருந்து நூற்றுப் பன்னிரண்டு வீடு, யாருடையது, எந்தத் தேதி, எத்தனை பேர், எல்லாம் இருக்கிறது. கடைசிக் கட்டம்தான் முக்கால்வாசி காலி, இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பது. டீச்சரால் அலைய முடியவில்லை. நோட்டைத் தர அவர்களுக்குச் சம்மதம், ஒரே நிபந்தனை, சம்பந்தப்பட்டவர்களைக் கேட்காமல் பேரை ஊருக்குக் காட்டக்கூடாது.

அதனால் கண்ணு, புதிதாக ஆரம்பிக்க வேண்டாம், டீச்சர் நோட்டையே ஏற்றுங்கள். காலிக் கட்டத்தை நான் நிரப்புகிறேன். முதலில் அண்ணிக்கு அப்போது பக்கத்து வீட்டிலிருந்த கோவிந்தம்மாவைத் தேடிப் போனேன், மாதவரத்தில் லாரி ஷெட்டுக்குப் பின்னால் வாடகைக்கு இருக்கிறாள். இழந்ததைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள்தான் சீனியம்மா உயிரோடு இருக்கிறாளா என்று கேட்டாள், கேட்ட கையோடு சேலையை மாற்றிக்கொண்டு என்னோடு பஸ் ஏறிவிட்டாள். அண்ணி வாசலில் ரெண்டு பேரும் பார்த்துக்கொண்டார்கள். கோவிந்தம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்து மறுபக்கத்துக் கருவாட்டைத் திருப்ப ஆரம்பித்தாள். நான் திரும்பி வந்துவிட்டேன்.

வடிவுடையம்மன் உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் வைக்கமாட்டாள். டீச்சருக்கு உன் கைப்பட ஒரு கடிதம் போடு, மறக்காதே.

உன் அப்பா
கோ. திருமலை